கொரிய மொழியில் களைப்பைச் சொல்ல நான்கு சொற்கள்: எந்த இடத்தில் எது?

கொரியாவுக்கு வேலைக்குப் போக இ.பி.எஸ். (வெளிநாட்டுத் தொழிலாளர்களை எடுக்கும் கொரிய அரசுத் திட்டம்) பரீட்சைக்குப் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "பாடப்புத்தகத்தில் பிகோன்ஹாதா, ஹிம்துல்தா, ஜிச்சிதா என்று மூன்று சொல் வருகிறது. மூன்றுக்கும் பொருள் 'களைப்பு' என்றே போட்டிருக்கிறார்கள். அங்கே போய் எதைச் சொல்வது?" இதே கேள்வி வேறு வேறு வடிவத்தில் பலரிடமிருந்து வருகிறது. இவற்றோடு 'ஜோல்லிதா'வையும் சேர்த்து நான்காக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் என் கதை. அன்சான் நகரத்தில் உதிரிப்பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு அது முதல் குளிர்காலம். நாள் முழுக்க நின்றபடி வேலை. மாலையில் எங்கள் குழுத் தலைவர், அங்கே 'பான்ஜாங்னிம்' என்று அழைப்போம், பக்கத்தில் வந்து "க்வென்ச்சானாயோ?" என்றார். பரவாயில்லையா என்று அர்த்தம். கால் வலியில் எனக்கு வாயில் வந்த சொல் "ஹிம்துரொயோ", அதாவது ஹிம்துல்தாவின் பேச்சு வடிவம். அவர் முகம் மாறியது. போய்க் காகிதக் கோப்பையில் மிக்ஸ் கோப்பி போட்டு, அந்தக் கோப்பி வந்த நீளப் பொதியாலேயே கலக்கிக்கொண்டு வந்து என் கையில் தந்தார். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக, "முசுன் நில் இஸ்ஸொயோ?" என்று கேட்டார். ஏதும் பிரச்சினையா என்று. வீட்டில் யாருக்கும் சுகமில்லையா, யாராவது ஏதாவது சொன்னார்களா, வேலையிடம் மாறும் எண்ணம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். எனக்கோ கால் மட்டும்தான் வலித்தது.

அவர் நல்ல மனிதர். நான் சொன்ன சொல் அவரை அப்படி நடக்க வைத்தது.

## எதை வைத்து எடை போடுவது

நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும். களைப்பு எங்கே இருக்கிறது: உடம்பிலா, மனதிலா, கண் இமையிலா? இன்றைக்கு மட்டுமா, மாதக் கணக்கிலா? யாரிடம் சொல்கிறோம்? நான்காவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: கேட்டவர் அடுத்து என்ன செய்வார்? ஒரு சொல்லுக்கு "போய்ப் படு" என்பார்கள். இன்னொன்றுக்குத் தோளில் கை வைப்பார்கள். மற்றொன்றுக்கு, இவன் வேலையை விடப் போகிறானோ என்று யோசிப்பார்கள்.

எழுத்து பற்றியும் ஒரு வார்த்தை. அகராதியில் இந்தச் சொற்கள் '-தா' என்று முடியும். கதைக்கும்போது மரியாதைக்கு '-யோ' என்று முடிப்போம். கீழே இரண்டையும் தருகிறேன்.

## பிகோன்ஹாதா: அலுப்பு

பேச்சில் 'பிகோன்ஹேயோ'. சீன எழுத்துகளிலிருந்து வந்த சொல். பெரும்பாலும் உடம்பைப் பற்றியது, இன்றைய நாளைப் பற்றியது. வேலை கூடிவிட்டது, இரவு சரியாகப் படுக்கவில்லை, பயணம் நீண்டுவிட்டது என்றால் இதுதான். முதல் எழுத்தைச் சொல்லும்போது வாயிலிருந்து காற்று விசையோடு வர வேண்டும். நம் 'பி' போல மெதுவாகச் சொன்னால் அவர்கள் காதில் வேறு எழுத்தாக விழும்.

இதைக் கேட்டவர் பெரும்பாலும் "புக் ஷ்வீசேயோ" என்பார். நன்றாக ஓய்வெடுங்கள் என்று. அதோடு பேச்சு முடிந்துவிடும். யாரும் கவலைப்பட மாட்டார்கள், யாருக்கும் சங்கடமில்லை. அந்த மாலையில் நான் சொல்லியிருக்க வேண்டிய சொல் இதுதான்.

இதிலும் ஒளிந்திருக்கிற செலவு உண்டு. ஒன்று, காலை எட்டு மணிக்கு மேலதிகாரியிடம் வெறுமனே "பிகோன்ஹேயோ" என்றால், இரவெல்லாம் ஃபோன் பார்த்தாயா என்ற பார்வை வரும். காரணத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள்: "யாகுன்ஹேசொ ஜோம் பிகோன்ஹானேயோ". இரவு மேலதிக வேலை செய்ததால் கொஞ்சம் அலுப்பாக இருக்கிறது. 'ஜோம்' என்றால் கொஞ்சம். '-நேயோ' என்ற முடிவு முறைப்பாடாக ஒலிக்காமல், இப்போதுதான் உணர்கிறேன் என்கிற மென்மையைத் தருகிறது. 'யாகுன்' அங்கே எல்லோர் வாயிலும் புழங்கும் சொல். 2018 ஜூலையில் வாரத்துக்கு 52 மணி நேரம் என்ற உச்சவரம்பு முதலில் 300 பேருக்குக் குறையாத நிறுவனங்களுக்கு வந்தது. 2021 ஜூலையில் 5 பேர் வேலை செய்யும் சிறிய இடங்கள் வரை வந்துவிட்டது. ஆனாலும் அந்தச் சொல்லின் புழக்கம் குறையவில்லை.

இரண்டாவது செலவு பெரியது. 'பிகோன்ஹான் சாராம்' என்றால் 'களைத்த மனிதர்' என்று நினைத்து ஒருவரைப் பற்றிச் சொல்லிவிடாதீர்கள். அது 'மற்றவர்களைப் படுத்தி எடுக்கும் ஆள்' என்றும் கேட்கும். நம்மூரில் "அலுப்புக் குடுக்காதே" என்றால் களைக்க வைக்காதே என்றா பொருள்? தொந்தரவு செய்யாதே என்றுதானே. அலுப்பு என்ற சொல் தமிழில் போன அதே வழியில் கொரிய மொழியிலும் இந்தச் சொல் போயிருக்கிறது. அதனால்தான் நான்கு சொற்களில் இதற்கு 'அலுப்பு' என்பதே நேர் என்று சொல்வேன்.

எழுத்திலும் விளம்பரத்திலும் 'பிரோ' என்று இன்னொரு சொல்லைப் பார்ப்பீர்கள். அதுவும் களைப்புதான், ஆனால் பெயர்ச்சொல். மருந்துக் கடையிலும் மூலைக் கடையிலும் சின்னப் பழுப்புக் கண்ணாடிப் போத்தலில் இருக்கும் பாக்காஸ், 1963-ல் குடிக்கும் மருந்தாக வந்தது. களைப்பு நீக்கும் பானம் என்றால் கொரியர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். 'பிரோ' சேரும், குவியும், அவிழும். "பிரோகா புல்ல்யொஸ்ஸொயோ" என்றால் களைப்பு அவிழ்ந்துவிட்டது, அதாவது போய்விட்டது. ஆனால் யாராவது உங்களை 'பிரோயொன்'னுக்கு அழைத்தால் பயப்பட வேண்டாம். அது திருமண விருந்து. ஒலி ஒன்றுதான், பின்னால் இருக்கும் சீன எழுத்துகள் வேறு.

## ஹிம்துல்தா: கஷ்டம்

நான்கில் அழகான சொல் இது. அதிகம் பிழை நடப்பதும் இதில்தான்.

'ஹிம்' என்றால் பலம். 'துல்தா' என்றால் உள்ளே போவது, செலவாவது. அதே வினையை வைத்து 'தோனி துல்தா' என்றால் காசு செலவாகும், 'ஷிகானி துல்தா' என்றால் நேரம் எடுக்கும். தமிழில் "நேரம் பிடிக்கும்", "காசு பிடிக்கும்" என்கிறோமே, அந்த 'பிடிக்கும்'தான் இது. ஆக 'ஹிம்துல்தா' என்றால் பலம் பிடிக்கிறது. என்னிடமிருந்து பலத்தை எடுத்துக்கொள்கிறது.

'துல்' என்ற எழுத்தின் உகரம் உதடு குவியாத உகரம். அதற்குத் தனிப் பயிற்சி தேவையில்லை. 'பாட்டு', 'காது' என்ற சொற்களின் கடைசியில் வரும் குற்றியலுகரத்தை அப்படியே எடுத்து நடுவில் வையுங்கள். வேறு மொழிக்காரர்கள் மாதக் கணக்கில் தடுமாறும் ஒலி நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது.

பலம் உடம்பிலிருந்தும் போகலாம், மனதிலிருந்தும் போகலாம். அதனால் இந்தச் சொல் இரண்டுக்கும் பொது. பாரம் தூக்கும்போது "ஹிம்துரொயோ" என்றால் பாரம் கூட. பரீட்சை பற்றிச் சொன்னால் பரீட்சை கஷ்டம். ஆனால் எந்தப் பொருளையும் குறிப்பிடாமல், "எப்படி இருக்கிறீர்கள்?" என்ற கேள்விக்குப் பதிலாக மொட்டையாகச் சொன்னால், கேட்டவருக்கு 'வாழ்க்கை கஷ்டமாக இருக்கிறது' என்று விழும். பான்ஜாங்னிம் கோப்பியோடு வந்தது அதனால்தான். எங்களைப் போல இ.பி.எஸ். வேலை விசாவில் வந்தவர்களுக்கு வேலையிடம் மாற நிபந்தனைகள் உண்டு. அது அவருக்கும் தெரியும். அதனால்தான் அவருடைய கவலை அந்தப் பக்கமும் போனது.

இந்தச் சொல்லே சரியான இடங்களும் நிறைய. உதவி வேண்டும் என்றால் இதைச் சொல்லுங்கள். தனியாகப் பெட்டியைத் தூக்க முடியாத இடத்தில் "பிகோன்ஹேயோ" என்றால் சோம்பல் போல இருக்கும். "ஹிம்துரொயோ, ஜோம் தோவாஜுசேயோ", கஷ்டமாக இருக்கிறது, கொஞ்சம் உதவுங்கள் என்றால் ஆள் வரும். வீட்டில் ஒரு இழப்பு, ஊர் நினைவு, தனிமை என்றால் அப்போதும் இதுதான். அதைச் சொல்லத் தயங்காதீர்கள். விசாரிக்கப்பட வேண்டும் என்று மனம் கேட்கும் நாளில் விசாரிக்க வைக்கும் சொல் இது. பதிலாக "ஹிம்நேசேயோ" என்பார்கள். அதே 'ஹிம்'தான், பலத்தை வெளியே எடுங்கள் என்று.

இன்னொரு கவனம். "இ இரி ஹிம்துரொயோ", இந்த வேலை கஷ்டம், என்று மேலதிகாரியிடம் சொன்னால் அது வேலையைப் பற்றிய முறைப்பாடு. அதைச் சொல்ல வேண்டிய நேரமும் வரும். ஆனால் தெரிந்து சொல்லுங்கள்.

## ஜிச்சிதா: களைச்சுப் போனேன்

முந்தைய இரண்டும் ஒரு நிலையைச் சொல்பவை. அலுப்பாக இருக்கிறது, கஷ்டமாக இருக்கிறது என்பது போல. இது வினைச்சொல். இருந்த தெம்பு தீர்ந்துபோவதைச் சொல்கிறது. அதனால் இப்போதைய களைப்பைச் சொல்லவும் இறந்த காலத்தில்தான் சொல்வார்கள்: 'ஜிச்சொஸ்ஸொயோ'. நம்மவர்களுக்கு இதில் சிக்கலே இருக்கக் கூடாது. "களைச்சுப் போனேன்" என்று இறந்த காலத்தில்தானே இன்றைய களைப்பைச் சொல்கிறோம்? ஆனால் அதே பழக்கத்தில் 'பிகோன்ஹேயோ'வையும் இறந்த காலமாக்கி 'பிகோன்ஹெஸ்ஸொயோ' என்றால், அது முடிந்துபோன அலுப்பு, இப்போது இல்லை என்று ஆகிவிடும்.

கால அளவில் இது நீளமானது. ஒரு நாள் வேலைக்கு இது கூடுதல். ஓட்டப் பந்தயத்தில் கடைசிச் சுற்றில் ஓட முடியாமல் போனவருக்குச் சொல்லலாம். அல்லது மாதக் கணக்கில் ஒரே விஷயத்தோடு போராடியவருக்கு. எதனால் களைத்தோம் என்பதையும் இதனோடு சேர்க்கலாம்: "இரே ஜிச்சொஸ்ஸொயோ", வேலையில் களைத்துவிட்டேன். "சாராம்ஹான்தே ஜிச்சொஸ்ஸொயோ", மனிதர்களிடம் களைத்துவிட்டேன்.

செலவு இங்கேதான் கூடுதல். மேலதிகாரியிடம் இதைச் சொன்னால், விலகுவதற்கு முன்னோட்டம் என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. காதலிக்கும் இருவரில் ஒருவர் "இஜே ஜிச்சொஸ்ஸொ", இப்போது களைத்துவிட்டேன், என்றால் பிரிவு பக்கத்தில் நிற்கிறது. நெருங்கிய நண்பரிடம், அதுவும் உண்மையாகவே தீர்ந்துபோன நேரத்தில் மட்டும் சொல்லுங்கள் என்பது என் எண்ணம்.

## ஜோல்லிதா: நித்திரை வருது

இதில் குழப்பமில்லை. கண் சொருகினால் 'ஜோல்லியொயோ'. அலுப்பு இல்லாமலும் நித்திரை வரும், அலுப்பு இருந்தும் வராமல் போகும். அந்த வேறுபாட்டைக் கொரியர்கள் கறாராக வைத்திருக்கிறார்கள். அங்கே நெடுஞ்சாலையில் போனால் 'ஜோரும் ஷ்விம்தொ' என்ற பலகைகளைக் காண்பீர்கள். நித்திரை வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்திக் கொஞ்சம் கண்ணை மூட இடம். அதில் இருக்கும் 'ஜோரும்' இந்தக் குடும்பத்துச் சொல்.

புசான், தேகு, உல்சான் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. அந்தக் கியொங்சாங் பகுதியில் பலர் 'ஜோல்லிதா' சொல்வதைவிட "ஜாம் ஓன்தா" என்பார்கள். 'ஜாம்' நித்திரை, 'ஓன்தா' வருகிறது. சொல்லுக்குச் சொல் நம் 'நித்திரை வருது', தமிழ்நாட்டில் 'தூக்கம் வருது'. மரியாதையாக "ஜாமி வாயோ". முதல் தடவை கேட்டபோது எனக்கு ஊர்க்குரல் கேட்டது போல இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் கிறக்கத்துக்கு 'ஷிக்கோன்ஜுங்' என்று தனிப் பெயர். உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு என்கிறோமே, அந்த மயக்கம். வசந்த காலத்தில் வரும் சோர்வுக்கு 'சுன்கோன்ஜுங்'. இரண்டின் நடுவிலும் இருக்கும் 'கோன்', 'பிகோன்'னில் இருக்கும் அதே எழுத்து.

மேலதிகாரியிடமோ கூட்டத்திலோ "ஜோல்லியொயோ" என்றால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். அங்கே "ஜோம் பிகோன்ஹானேயோ" என்று மாற்றிக்கொள்ளுங்கள். இயந்திரத்தில் நிற்கிறீர்கள், கண் சொருகுகிறது என்றால் மட்டும் மரியாதை பார்க்காமல் நித்திரை என்றே சொல்லுங்கள். அலுப்பு என்றால் இன்னும் பத்து நிமிடம் பொறு என்பார்கள். நித்திரை என்றால் கையை எடுக்கச் சொல்வார்கள்.

## பக்கம் பக்கமாக

| | பிகோன்ஹேயோ | ஹிம்துரொயோ | ஜிச்சொஸ்ஸொயோ | ஜோல்லியொயோ |
|---|---|---|---|---|
| நேர்ச் சொல் | அலுப்பு | கஷ்டம் | களைச்சுப் போனேன் | நித்திரை வருது |
| எங்கே | உடம்பு | உடம்பும் மனமும் | பெரும்பாலும் மனம் | கண் |
| காலம் | இன்று | இன்றும் இருக்கலாம், நீண்டும் இருக்கலாம் | நீண்ட நாள் | இந்த நிமிடம் |
| மேலதிகாரியிடம் | காரணத்தோடு சரி | உதவி கேட்கும்போது சரி | தவிர்க்கலாம் | ஆபத்து என்றால் மட்டும் |
| கேட்டவர் செய்வது | ஓய்வெடுக்கச் சொல்வார் | விசாரிப்பார் | கவலைப்படுவார் | படுக்கச் சொல்வார் |

எல்லோருக்கும் பொதுவான ஒரு பிழையும் உண்டு. 'எனக்கு அலுப்பாக இருக்கிறது' என்ற தமிழ் வாக்கியத்தில் இருக்கும் 'எனக்கு'வை அப்படியே கொண்டுபோய் 'ஜொஹான்தே' என்று போடாதீர்கள். 'நான்' என்ற இடத்தில் நிற்கும் 'ஜொனுன்' போதும். அதையும் விட்டுவிட்டு வெறும் "பிகோன்ஹேயோ" என்றாலே யார் என்று தெரியும்.

## நண்பர்களுக்குள்

நண்பர்களோடு இருக்கும்போது இந்த நான்கும் சப்பென்று இருக்கும். அப்போது 'ஜுக்கெஸ்ஸொ' சேருங்கள்: "பிகோன்ஹே ஜுக்கெஸ்ஸொ", அலுப்பில் செத்துவிடுவேன். 'நோக்ச்சோ' ஆகிவிட்டேன் என்பார்கள், அடித்துப் போட்டதுபோல் துவண்டுவிட்டேன் என்ற பொருளில். எனக்குப் பிடித்தது 'பாகிம்ச்சி' ஆகிவிட்டேன் என்பது. விறைப்பாக நிற்கும் வெங்காயத்தாளில் உப்பும் மிளகாயும் தடவிக் கிம்ச்சி போட்டால் மறுநாள் அது தட்டில் துவண்டு கிடக்கும். ஒரு தடவை கையால் எடுத்துப் பார்த்தால் அந்த மரபுச்சொல் பிறகு மறக்காது.

## மருந்துக் கடையில்

இங்கே நான்கில் எதுவும் போதாது. உழைத்து உழைத்து உடம்பு முழுக்க வலித்து, குளிரும் எடுத்தால் அதற்கு 'மொம்சால்' என்று பெயர். "மொம்சாரி நாஸ்ஸொயோ" என்றால் மருந்தாளர் புரிந்துகொள்வார். யாரோ அடித்தது போல உடம்பு வலிக்கிறது என்று கொரியர்களும் விளக்குவார்கள். "அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்று நாம் சொல்வதே அது. வலியில்லை, தெம்புதான் இல்லை என்றால் "கிஉனி ஒப்ஸொயோ". வாரக் கணக்கில் இப்படி இருந்தால் மருந்துக் கடையோடு நிற்காமல் மருத்துவரிடமே போங்கள். அங்கே "பிகோன்ஹேயோ" என்று மட்டும் சொன்னால் ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பிவிடக்கூடும். எத்தனை வாரம், எந்த நேரம், எங்கே வலி என்று எழுதிக் கொண்டுபோவது நல்லது.

## மற்றவரின் களைப்பு

"பிகோன்ஹே போயொயோ", களைத்துத் தெரிகிறீர்கள், என்று அக்கறையோடுதான் சொல்வோம். ஆனால் முகம் நன்றாக இல்லை என்று சொன்னது போலச் சிலருக்குப் படும். நெருக்கமானவரிடம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாரம் தூக்கும் மூத்தவரிடம் "ஹிம்துஷிஜோ?", கஷ்டமாக இருக்கும் இல்லையா, என்று கேட்கலாம். அது அவருடைய உழைப்பைப் பார்த்தேன் என்று சொல்வது.

வேலை முடியும் மணி அடித்ததும் எல்லோரும் எல்லோருக்கும் "சுகோஹாஷ்யொஸ்ஸும்னிதா" என்பார்கள். பாடுபட்டீர்கள் என்று. இளையவர் வாயிலிருந்து 'சுகோ' வருவதை விரும்பாத பெரியவர்களும் உண்டு. அவர்களிடம் "கோசெங் மானுஷ்யொஸ்ஸும்னிதா" சற்று நயமாக இருக்கும். பான்ஜாங்னிம் எங்கள் வரிசையில் கடைசி ஆள்வரை நடந்து, ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து இதைச் சொல்லிவிட்டுத்தான் விளக்கை அணைப்பார்.